மூடக் கூடாத குழாய்

அவளுக்கு ஊர் வைத்த பெயர் சுடுதண்ணி. வீடுகளுக்கு வெந்நீர்க் குழாய் போடுகிற தொழில் அதற்குப் பாதிக் காரணம், மீதிப் பாதி அவள் வாய். "சுடுதண்ணி அக்காவையே கூப்பிடு, வேலை சுத்தமா இருக்கும். ஆனா அன்னிக்கு நான் வீட்ல இருக்க மாட்டேன்" என்று புருஷன்மார்கள் பெண்டாட்டிகளிடம் சொல்லிவிட்டு நழுவுவார்கள். அக்காவுக்கும் இது தெரியும். தெரிந்து எதையும் குறைத்துக்கொள்ளவில்லை.

பிறக்கும்போதே அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது என்று எல்லாரும் பேசுவார்கள். பொய். இருபத்தாறு வயதுவரை அவள் துணிக்கடையில் மீட்டர் கட்டையால் துணி அளந்து கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பத்துச் சுருளைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களிடமும் சிரித்துக்கொண்டே "பரவாயில்லைங்க" என்று சொன்னவள் அவள். அந்தச் சிரிப்பை இப்போது அவளிடம் நினைவுபடுத்தினால் அதற்கும் திட்டு விழும்.

அவள் புருஷன் பிளம்பர். நல்ல வேலைக்காரர், அதைவிட நல்ல மனுஷன், யார் மனமும் கோணாமல் பேசுகிறவர். ஒரு நாள் ஏணியோடு சரிந்து முதுகெலும்பு போனது. கையில் ஒப்புக்கொண்ட வேலைகள் நான்கு அரைகுறையாகக் கிடந்தன. அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து சொல்ல, அவள் செய்தாள். குழாயை வளைத்தது அவள், பற்றவைத்தது அவள், புகையில் கண் எரிந்தது அவளுக்கு. வீட்டுக்காரர்கள் மட்டும் கேள்வியெல்லாம் முக்காலியைப் பார்த்துத்தான் கேட்டார்கள். வேலை முடிந்ததும் "நல்லா வந்திருக்கு சார்" என்ற பாராட்டும் முக்காலிக்கே போனது.

அப்போது அவள் கற்றுக்கொண்ட வேலை இதுதான். விறகு எரிக்கிற இரும்பு அடுப்பின் முதுகில் ஒரு தண்ணீர்ப் பெட்டி ஒட்டியிருக்கும். அடுப்பு எரிந்தால் அந்தத் தண்ணீர் சூடாகி, தடித்த செம்புக் குழாய் வழியே தானாக மேலே ஏறும். மாடியில் இருக்கும் பெரிய வெந்நீர்த் தொட்டியைச் சூடாக்கிவிட்டு, ஆறிப்போய், இன்னொரு குழாயில் கீழே இறங்கி அடுப்புக்கே வரும். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், குழாய் வழியெல்லாம் ஏற்றமாக இருந்தால் போதும். ஆனால் விறகுக்கு ஒரு குணம் உண்டு. கேஸைப் போல அதைத் திருகி அணைக்க முடியாது. பற்றிக்கொண்ட கட்டை எரிந்து தீரும்வரை எரியும், தண்ணீர் கொதித்தாலும் எரியும். அதனால் பெட்டியின் உச்சியிலிருந்து ஒரு குழாய் நேரே பரணுக்குப் போய், அங்கே ஒரு சின்னத் தொட்டியில் வாய் திறந்து நிற்க வேண்டும். உப்புகிற தண்ணீரும் ஆவியும் அந்த வழியாகப் போய்விடும்.

"இந்த ஒரு குழாய்ல மட்டும் எதையும் வைக்காத. டேப் வேண்டாம், வால்வு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இது மூச்சு விடற குழாய்" என்று முக்காலியிலிருந்து அவர் சொன்னார். கெண்டியின் மூக்கை அடைத்து அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு சலவைக் கடைக்காரருக்குத் தேவைப்பட்டது. பரணில் ஆவி அடித்து, காயப்போட்ட துணி ஈரமாகிறதாம், அந்தக் குழாயில் ஒரு வால்வு வைத்துக் கொடுக்க வேண்டுமாம். அவள் துணிக்கடைக் குரலில், "வேண்டாம் சார், ஆபத்து சார்" என்றாள். அவர் "அப்படியாம்மா" என்று சிரித்தார். அடுத்த வாரம் வேறு ஆளை வைத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாவது மாதம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அடுப்பின் முதுகு வெடித்தது. சுவரில் ஆள் நுழைகிற ஓட்டை. இஸ்திரி மேசை இரண்டாகக் கிடந்தது. அடுப்பின் ஒரு துண்டு எதிர்ச் சுவரில் கடிகாரத்துக்குள் புதைந்து, முட்கள் ஒன்று இருபதைக் காட்டியபடி நின்றிருந்தன. இடிபாட்டைப் பார்க்கப் போனவளிடம் கடைக்காரர் சொன்னார்: "நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமேம்மா."

அன்றைக்குத்தான் அக்கா கத்த ஆரம்பித்தாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் நிறுத்தவில்லை.

அந்த இரும்புத் துண்டு உள்ளங்கை அளவு இருக்கும். அதை எடுத்து வந்து தன் வேனில், முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறாள். பக்கத்து இருக்கையில் புருஷன் உட்கார்வார். முதுகு பாதிதான் சரியானது. பாரம் தூக்க முடியாது, ஏணி ஏறக் கூடாது, ஆனால் சாமான் எடுத்துக் கொடுப்பார், கணக்காக அளவு சொல்வார், அவள் கத்திவிட்டு வெளியே போனபின் வீட்டுக்காரர்களைத் தட்டிக் கொடுப்பார். "அவ மனசுல ஒண்ணும் இல்லைங்க" என்பார். அதுவும் அவளுக்கு எரிச்சல்தான். அவள் மனதில் நிறைய இருந்தது. சுவரில் ஆள் நுழைகிற ஓட்டை ஒன்று முழுதாக இருந்தது.

தம்பி வீட்டில் அடுப்பு வைத்தது போன குளிர்காலத்தின் தொடக்கத்தில். அம்மா தம்பியோடு இருந்தாள். குளிர் வந்தால் அம்மாவுக்கு முழங்கால் இரண்டும் பூட்டிக்கொள்ளும், நாள் முழுக்க வெந்நீர் வேண்டும். தம்பி ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். குறட்டுக்கும் ஸ்பேனருக்கும் வித்தியாசம் தெரியாதவன், ஆனால் தெரியும் என்று நினைப்பவன். அவன் பெண்டாட்டி வீட்டைக் கண்ணாடிபோல வைத்திருப்பாள். அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை, பாப்பா.

சொந்தத் தம்பி வீடு என்பதால் அக்கா ஒரு பங்கு வேலைக்கு இரண்டு பங்கு செய்தாள். நான்கு நாள். ஒவ்வொரு முழத்துக்கும் ரசமட்டம் வைத்து ஏற்றம் பார்த்தாள். மூச்சுக் குழாயைப் பாப்பாவின் அறை மூலை வழியாகப் பரணுக்கு நேரே ஏற்றினாள். அது போதாதென்று அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சேஃப்டி வால்வும் வைத்து, அதன் வாயை ஒரு வாளிக்குள் விட்டாள். கிளம்புகிற அன்று எல்லாரையும் அடுப்புக்கு முன்னால் நிறுத்திக் கத்தினாள்.

"மூணு கட்டை. காதுல விழுதா? ஒரு தடவைக்கு மூணு கட்டை. குளிருது, நடுங்குது, விருந்தாளி வந்தாங்கன்னு நாலாவது கட்டை வெச்சீங்க, நான் வந்து அடுப்பத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

"அக்கா, நாங்க என்ன சின்னக் குழந்தைங்களா?" என்றான் தம்பி.

"சின்னக் குழந்தை சொன்னதக் கேக்கும்டா."

மேற்கொண்டு நடந்ததையெல்லாம் அக்கா பிறகுதான் தெரிந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்தது முதலில் ஒரு சத்தம்.

ஒரு நாள் மதியம். ஒரு வேலை முடிந்து, வேனிலேயே உட்கார்ந்து அவளும் புருஷனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா போன் செய்தாள். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி வேண்டும், இருப்பது இரண்டும் குதிகாலில் ஓட்டை, வருகிறபோது வாங்கி வா, ஆனால் போன தடவை வாங்கினாயே அந்த மாதிரி அரிப்பெடுக்கிறது வேண்டாம். அம்மா பேசிக்கொண்டே போனாள். அவள் குரலுக்குப் பின்னால் டொம் என்று ஒன்று விழுந்தது. கொஞ்சம் விட்டு இன்னொரு டொம்.

அக்கா சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்தாள். "அம்மா, அது என்ன சத்தம்?"

"அதுவா? கொஞ்ச நேரமா சுவத்துக்குள்ள யாரோ கல்லால அடிக்கிற மாதிரி கேக்குது. பக்கத்து வீட்ல ஏதோ வேலை நடக்குது போல."

"அடுப்புல எத்தனை கட்டை இருக்கு?"

"குளிருதுடி. அஞ்சு இருக்கும். ஆறோ என்னவோ."

"பரண் தொட்டில தண்ணி கொட்டற சத்தம் கேக்குதா?"

"அந்தத் தொல்லை குறைஞ்சு பத்து நாளாச்சு. இன்னிக்கு சுத்தமா இல்ல. நிம்மதியா இருக்கு."

அக்கா வேன் சாவியைத் திருகினாள். ஆறு கட்டை எரிகிற அடுப்பில் பரண் தொட்டி அமைதியாக இருக்கவே முடியாது.

"அம்மா! எல்லாரும் வெளிய போங்க! பாப்பாவத் தூக்கிட்டு இப்பவே தெருவுக்குப் போங்க! செருப்பு தேடாத, போ! நான் சொல்றது கேக்குதா, அடுப்பு வெடிக்கப் போகுது!"

"ஆரம்பிச்சுட்டியா" என்றாள் அம்மா. "ரெண்டு கட்டை கூட வெச்சதுக்கு இந்தக் கத்தலா? பாப்பா தூங்குது. உன் சத்தம் போன்ல கேட்டே எழுந்துடும். சாயங்காலம் வா, பேசிக்கலாம்."

வைத்துவிட்டாள். அக்கா மறுபடி அழைத்தாள், எடுக்கவில்லை. தம்பி பெண்டாட்டியின் எண்ணுக்கு அழைத்தாள், அடித்து அடித்து ஓய்ந்தது. அக்கா பெயர் திரையில் வந்தாலே அந்த வீட்டில் போனைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

வேன் பறந்தது. பன்னிரண்டு நிமிஷம் ஓட்ட வேண்டிய தூரம். வழியெல்லாம் தொண்டை கிழியத் திட்டினாள். அம்மாவை, தம்பியை, முன்னால் ஊர்ந்த லாரியை, பாதசாரிகளை. மற்ற நாட்களில் அவள் வேகம் எடுத்தால் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்று முனகுகிற புருஷன், அன்று கண்ணாடிக்குக் கீழே இருந்த இரும்புத் துண்டையே பார்த்துக்கொண்டு, "இன்னும் வேகமாப் போ" என்றார். அது விசித்திரமாகப் பட்டது. நின்று யோசிக்க நேரமில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அடுப்புக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது. சேஃப்டி வால்வின் பக்கம் ஊசி முனைபோல ஏதோ சீறியது. அக்கா மாடிக்கு ஓடிப் பாப்பாவைப் போர்வையோடு வாரிக்கொண்டு வந்து சமையலறையிலிருந்து ஓடிவந்த தம்பி பெண்டாட்டியின் ஈரக் கையில் திணித்தாள், அம்மாவின் தோளைப் பிடித்துத் தூக்கி வாசலுக்குத் தள்ளினாள். "செருப்பு..." என்றாள் அம்மா. "வெளிய!" என்றாள் அக்கா. அந்த ஒரு சத்தத்தில் தெருவே திரும்பியது.

புருஷன் மட்டும் வாசலுக்குப் போகாமல் மாடிப்படியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?"

"பரணுக்கு. அங்க ஒரு..."

"முதுகை வெச்சுக்கிட்டு பரணுக்கா? போங்க வெளிய!" என்று அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இறங்கிப் போனார்.

அவள் அடுப்பின் காற்றுக் கதவை அழுத்தி மூடினாள். தண்ணீர் ஊற்றி நெருப்பை அணைக்கக் கூடாது. கொதிக்கிற இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கிறது அப்போதே வெடித்துவிடும். சமையலறையிலும் குளியலறையிலும் வெந்நீர் டேப்புகளை முழுசாகத் திறந்துவிட்டாள். தொட்டியிலிருந்து வெந்நீர் வெளியேறப் பச்சைத் தண்ணீர் உள்ளே வரும், அது குழாயின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். இவ்வளவும் முடித்து அவளும் ஓடிவந்து எதிர்வரிசை மதிலுக்குப் பின்னால் எல்லாரையும் உட்கார வைத்தாள்.

ஐம்பது நிமிஷம். அம்மா வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். அக்கா தன் ஷூவைக் கழற்றி அவள் காலில் மாட்டிவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து தம்பி வந்து சேர்ந்தான். "என்னக்கா இது, தெருவே வேடிக்கை பாக்குது" என்றான். அக்கா அவனையும் இழுத்து உட்கார வைத்தாள். வீட்டுக்குள்ளிருந்து வந்த அடி முதலில் வேகமாக இருந்தது, பிறகு இடைவெளி விட்டது, பிறகு நின்றது. அதற்கும் மேல் அரை மணி காத்திருந்துவிட்டு அக்கா தனியாக உள்ளே போனாள்.

முதலில் சேஃப்டி வால்வைப் பார்த்தாள். அதன் வாயில் ஒரு மூடி திருகியிருந்தது. தண்ணீர் சொட்டித் தரை நனைகிறது என்று எந்தப் புத்திசாலியோ அடைத்திருக்கிறான். எந்தப் புத்திசாலி என்று கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. ஒழுகாமல் இருக்கத் திருகு மரையில் சுற்றுகிற வெள்ளை நாடாவை எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது, திருகத் திருக அவிழ்கிற மாதிரி. உலகத்தில் அவள் தம்பி ஒருவனால்தான் அப்படிச் சுற்ற முடியும். அந்த மட்டமான வேலையின் இடுக்கு வழியாகத்தான் இவ்வளவு நேரமும் ஆவி சீறி வெளியே போயிருக்கிறது. அவன் ஒழுங்காக வேலை தெரிந்தவனாக இருந்திருந்தால் இன்றைக்கு வீடு இல்லை. அக்காவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை.

பரணுக்கு ஏறினாள். கைவிளக்கை அடித்தாள். அவள் வெறுமையாக விட்டுப்போன மூச்சுக் குழாயில், தொட்டிக்கு ஒரு முழம் கீழே, சிவப்புக் கைப்பிடி வைத்த ஒரு வால்வு. கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றது. முழுசாக மூடியிருந்தது.

இது தம்பியின் வேலை இல்லை. குழாயை அறுத்த இடம் மயிரிழை பிசகாமல் நேராக இருந்தது. மரையில் சணல் சுற்றி, பசை தடவி, பிதுங்கி வந்த மிச்சத்தைக் கட்டைவிரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டு, கடைசியில் சணல் நுனியை உள்பக்கமாகச் சொருகியிருந்தது. அந்த நுனியை உள்ளே சொருகுகிறவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருவர் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர்.

அக்கா பரண் சட்டத்தின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கீழே பாப்பாவின் கட்டில் இருந்தது. அவள் உட்கார்ந்த இடத்துக்கு நேர் கீழே.

பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன், முதுகைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று அவர் தனியாகப் பஸ் ஏறினார். திரும்பி வந்து இரண்டு நாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. டாக்டர் அழுத்திப் பார்த்ததில் வலி கூடிவிட்டது என்றார். இரண்டு நாளும் அவள்தான் அந்த முதுகுக்குத் தைலம் தேய்த்தாள், அந்த டாக்டரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே.

முன்னறையில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா இறங்கி வந்து சுவரில் சாய்ந்தாள். கத்தவில்லை. அது அவர்களை இன்னும் கலவரப்படுத்தியது.

"பரண்ல இருக்கற வால்வ யாரு மூடினது?"

தம்பி பெண்டாட்டி அழுதுவிட்டாள். "நான்தான் அண்ணி. போன மாசம் அங்கருந்து ஒழுகி பாப்பா ரூம் சீலிங் பூரா மஞ்சக் கறை. பெயிண்ட் அடிச்சு ரெண்டு மாசம்கூட ஆகல. அந்த வால்வு போட்டதும் குறைஞ்சுது. இன்னிக்குக் காலைல மறுபடி ஒரு சொட்டு. அரைவாசி தொறந்தே இருக்கணும்னு சொன்னாங்க. ஒரு நாள் முழுசா மூடினா என்ன ஆகிடப்போகுதுன்னு..."

"யாரு சொன்னாங்க?"

அவள் தரையைப் பார்த்தாள். தம்பி சன்னலைப் பார்த்தான்.

"நான்தான்" என்றார் புருஷன்.

"தெரியும். நுனிய உள்ள சொருகியிருக்கு."

"தம்பி வந்து கெஞ்சினான். அஞ்சு கட்டை, ஆறு கட்டை போடறாங்க, அதான் பரண்ல கொட்டுதுன்னு உனக்குத் தெரிஞ்சா நீ வந்து வீட்டையே ரெண்டாக்கிடுவே. அரைவாசி தொறந்துதான் வெச்சேன். கீழ சேஃப்டி வால்வு இருக்கேன்னு தைரியம்."

"அத உங்க மச்சான் மூடி போட்டு அடைச்சுட்டான்."

புருஷன் திடுக்கிட்டுத் தம்பியைப் பார்த்தார். "அது சொட்டிட்டே இருந்துது மாமா" என்றான் தம்பி. "மேல நீங்க அரைவாசி தொறந்து வெச்சிருக்கீங்களேன்னு..." அவன் குரல் உள்ளே போய்விட்டது.

ஆளுக்கு ஒரு கை. ஒருவர் வைத்தார், ஒருவன் அடைத்தான், ஒருத்தி மூடினாள், ஒருத்தி கட்டைகளை அடுக்கினாள். ஒருவர் செய்தது முழுசாக இன்னொருவருக்குத் தெரியாது, எல்லாருக்கும் தெரிந்த ஒரே விஷயம் அக்காவிடம் சொல்லக் கூடாது என்பது.

"இந்த ஒரு குழாய்ல மட்டும் எதையும் வைக்காதன்னு எனக்குச் சொன்னது யாரு?" என்றாள் அக்கா.

"நான்தான்."

"அந்தச் சலவைக் கடைச் சுவத்தப் பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன்."

"தினமும் வேன்ல அந்த இரும்பு உங்க முட்டிக்கு முன்னாடிதானே கெடக்கு? அப்புறம் எப்படிங்க கை வந்துது?"

"உன் வாய்க்குப் பயந்து" என்றார்.

அவளுக்கு வலித்தது. இரும்பையும் கொதிக்கிற தண்ணீரையும் ஒரு தட்டில் வைத்து, அவள் குரலை இன்னொரு தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்து, இந்த மனுஷன் குரலுக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறார். வேறு யாராவது செய்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். இவருக்கு எல்லாம் தெரியும்.

"அவர மட்டும் ஏன்டி நிக்க வெச்சுக் கேக்கற?" என்றாள் அம்மா. அவள் காலில் இன்னும் மகளின் ஷூ இருந்தது. "நீ கத்துவேன்னுதான் யாரும் உங்கிட்ட சொல்லல. நீ போன்ல சொன்னப்பகூட எப்பவும்போல கத்தறேன்னுதான் நெனச்சேன். இதுல உன் தப்பும் இருக்கு."

அம்மா சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அக்காவுக்கு இன்னும் எரிந்தது. மெதுவாகச் சொன்னாள், சிரித்துவிட்டுச் சுவரை இழந்தார்கள். கத்திச் சொன்னாள், பயந்து மறைத்தார்கள். இதற்கு நடுவில் எந்தக் குரலில் சொன்னால் மனுஷர்கள் ஒரு குழாயைத் திறந்தபடி விட்டுவைப்பார்கள்? அந்தக் குரலை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மெதுவாகப் பேசத் தெரிந்த இந்த நல்ல மனுஷர்தான் பரணேறி வால்வு வைத்துவிட்டு வந்தார்.

"சரி. என் தப்புதான்" என்றாள். பிறகு அடைத்து வைத்திருந்ததெல்லாம் வெடித்தது. "ஆனா இதக் கேட்டுக்கங்க. நான் கத்தினா காது வலிக்கும். அது கத்தினா சுவரு போகும்! இந்த ரெண்டுல எதுக்குப் பயப்படணும்னுகூடவா தெரியாது உங்களுக்கு? அந்தக் குழாய்க்கு நேர் கீழ குழந்தை படுத்திருக்கு! கறையாம் கறை! சீலிங்க நான் வந்து நக்கித் துடைக்கிறேன்டா, எங்கிட்ட சொல்லித் தொலைங்க! கத்துவேன்! சாகற வரைக்கும் கத்துவேன்! அதக் கேட்டுக்கிட்டு உயிரோட இருங்க, அது போதும் எனக்கு!"

பாப்பா போர்வைக்குள்ளிருந்து, "அத்தை, நான் மூடல" என்றது.

அக்கா கைவிளக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பேசினால் அழுதுவிடுவாள் என்று தெரிந்தது, இவர்கள் முன்னால் அழுகிறதாக இல்லை.

மறுநாள் அவளே வந்து வால்வை அறுத்தெடுத்து, நடுவில் புதுக் குழாய் வைத்துப் பற்றவைத்தாள். பரண் தொட்டிக்கு நல்ல மூடி செய்து, ஆவி கூரைக்கு வெளியே போக ஒரு குழாய் விட்டாள். இதை முதலிலேயே செய்திருந்தால் சீலிங்கில் கறை வந்திருக்காது என்று அவளுக்கே தெரிந்தது. அந்தக் கோபம் அவள் பேரிலேயே இருந்ததால் அதை வெளியே சொல்லாமல் விட்டாள். அவ்வளவு நேர்மையை அவளிடம் எதிர்பார்க்க முடியாது.

புருஷனோடு ஒன்பது நாள் பேசவில்லை. வேனில் பக்கத்தில் உட்கார்ந்து வருவார், ஸ்பேனர் என்று கை நீட்டினால் கொடுப்பார், அவ்வளவுதான். பத்தாவது நாள் காலையில் சமையலறை மேசையில் தகரத் துண்டுகள் அடுக்கியிருந்தன. உள்ளங்கை அளவில் வெட்டி, முனை மழுக்கி, கம்பி கோர்க்க ஓட்டை போட்டு, சிவப்பு எழுத்தில் அவரே எழுதியிருந்தார். அவர் எழுத்து அவரைப் போலவே மரியாதையாக இருந்தது: "இந்தக் குழாயை மூடாதீர்கள். சொட்டினால் தயவுசெய்து கூப்பிடுங்கள்." கீழே அவள் போன் நம்பர்.

அக்கா ஒன்றை எடுத்துப் படித்தாள். தூரிகையை எடுத்து, "தயவுசெய்து" என்பதை அடித்தாள். நம்பருக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில், "கத்துவேன். ஆனால் வருவேன்" என்று எழுதினாள். "எல்லாத்துலயும் இப்படியே எழுதுங்க" என்றாள். ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அன்றிலிருந்து அவள் போட்ட எல்லா வீட்டிலும் பரண் குழாயில் ஒரு தகரம் தொங்குகிறது. முதல் தகரம் தம்பி வீட்டில்.

குளிர் விடுகிற சமயத்தில் ஒரு நாள் காலை, வேன் ஓட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. தம்பி பெண்டாட்டி.

"அண்ணி... பரண் தொட்டி ரொம்பச் சத்தம் போடுது. நேத்திலிருந்து அத்தைக்கு முழங்கால் வலி, அஞ்சு கட்டை வெச்சுட்டேன். காத்துக் கதவ மூடிட்டேன், வெந்நீர் டேப்பத் தொறந்து விட்டிருக்கேன். எதையும் அடைக்கல."

அக்கா வேனை ஓரம் கட்டினாள். ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு ஆரம்பித்தாள். ஐந்து கட்டைக்கு ஐந்து திட்டு, முழங்காலுக்கு ஒன்று, மூன்று என்று படித்துப் படித்துச் சொன்னதற்கு ஒன்று, எண்ணத் தெரியாத எழுத்தர் பரம்பரைக்கு ஒன்று. பக்கத்து இருக்கையில் புருஷன் காதைப் பொத்திக்கொள்ளாமல் முழுசாகக் கேட்டார். சைக்கிளில் போன ஒருவர் பயந்து இறங்கி நின்றுவிட்டார். கடைசியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மறுமுனை அமைதியாக இருந்தது. வைத்துவிட்டார்களோ என்று திரையைப் பார்த்தாள்.

"ஏய், இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி" என்றாள் அவள். "சொல்லுங்க."